பனிச்சாலையில் ஒரு பாட்டுப் பேருந்து

வீட்டில் அட்லஸ் இருந்தால் எடுத்து வாருங்கள், குழந்தைகளே! கையோடு ஒரு பென்சிலும் வேண்டும். வட அமெரிக்கா பக்கத்தைத் திறந்து, ஐந்து பெரிய ஏரிகள் கொத்தாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த ஏரிகளுக்கு மேற்குப் பக்கமாக விஸ்கான்சின், மின்னசோட்டா, அயோவா என்று மூன்று மாநிலங்கள் இருக்கும். நம் கதை நடப்பது இங்கேதான். கதை என்றா சொன்னேன்? இல்லை, நிஜமாகவே நடந்தது. 1959ஆம் ஆண்டு, ஜனவரி 23ஆம் தேதி தொடங்கியது.

அந்தப் பகுதிகளில் ஜனவரி மாதம் என்றால் எப்படி இருக்கும் தெரியுமா? நம் வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் கட்டி வைக்கும் ஃபிரீசரில் சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிர் இருக்கும். அதைவிட அதிகக் குளிர் அங்கே தெருவிலேயே இருக்கும்! ஏரிகள் உறைந்து கிடக்கும். சாலையின் இருபுறமும் பனி குவிந்து கிடக்கும். இப்படிப்பட்ட காலத்தில்தான் ஒரு பாட்டுக் குழு, பேருந்தில் ஊர் ஊராகக் கிளம்பியது. 'குளிர்கால நடன விருந்து' என்று அந்தச் சுற்றுப்பயணத்துக்குப் பெயர். 24 நாள்களில் 24 ஊர்கள். நடுவில் ஒருநாள்கூட ஓய்வு இல்லை.

யார் யார் வந்தார்கள்?

அப்போது அமெரிக்காவில் 'ராக் அண்ட் ரோல்' பாட்டு என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிர். அந்தப் பாட்டின் நட்சத்திரங்கள்தான் பேருந்தில் இருந்தார்கள்.

முதலில் பட்டி ஹோலி. வயது 22. டெக்சஸ் மாநிலத்தில் லபக் என்ற ஊர்க்காரர். தானே பாட்டு எழுதி, தானே மெட்டமைத்து, தானே கிடார் வாசித்துப் பாடுவார். தடித்த கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக் கண்ணாடியுடன்தான் மேடை ஏறுவார். (இந்தக் கண்ணாடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

அடுத்தவர் ரிச்சி வேலன்ஸ். வயது 17தான்! உங்களில் சிலருடைய அண்ணன் வயது. மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்தவர். 'லா பம்பா' என்ற மெக்சிகோ நாட்டுப்புறப் பாட்டை ராக் அண்ட் ரோல் தாளத்தில் ஸ்பானிய மொழியிலேயே பாடி நாடெங்கும் புகழ் பெற்றிருந்தார். வெயில் ஊர்ப் பையன். கடும் குளிருக்கு ஏற்ற துணிமணி எதுவும் அவரிடம் சரியாக இல்லை.

மூன்றாமவர் ஜே.பி. ரிச்சர்ட்சன். வயது 28. எல்லாரும் அவரை 'பிக் பாப்பர்' என்றே கூப்பிடுவார்கள். பெயருக்கு ஏற்றபடி ஆளும் பெரிய ஆள். வானொலி அறிவிப்பாளராக இருந்தவர். 1957இல் ஐந்து நாள்களுக்கும் மேலாகத் தொடர்ந்து வானொலியில் நிகழ்ச்சி நடத்திச் சாதனை செய்தவர்!

இவர்களுடன் நியூயார்க்கிலிருந்து 'டியான் அண்ட் தி பெல்மான்ட்ஸ்' குழுவும், பிராங்கி சார்டோ என்ற பாடகரும் வந்தார்கள். பட்டி ஹோலிக்குப் பக்கவாத்தியம் வாசிக்க மூன்று இளைஞர்கள்: கிடாருக்கு டாமி ஆல்சப், பேஸ் கிடாருக்கு வேலன் ஜென்னிங்ஸ், டிரம்ஸ் வாசிக்க கார்ல் பஞ்ச்.

இவ்வளவு புகழ் பெற்றவர், இந்தக் குளிரில் ஏன் அலைய வேண்டும் என்று கேட்பீர்கள். பட்டி ஹோலிக்குத் திருமணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. மனைவி மரியா எலனா கர்ப்பமாக இருந்தார். முன்பு இருந்த மேலாளரோடு ஏற்பட்ட தகராறில், அவருக்கு வரவேண்டிய பணமெல்லாம் மாட்டிக்கொண்டிருந்தது. கையில் காசு வேண்டுமே! அதனால்தான் ஒப்புக்கொண்டார்.

பென்சிலை எடுங்கள்!

இப்போது நான் சொல்லும் ஊர்களை வரைபடத்தில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். மில்வாக்கியில் தொடக்கம். மறுநாள் தெற்கே கெனோஷா. அடுத்து வெகுதூரம் மேற்கே, மின்னசோட்டாவில் உள்ள மான்காட்டோ. அங்கிருந்து மறுபடி கிழக்கே திரும்பி விஸ்கான்சினில் ஒ கிளேர். மறுநாள் மீண்டும் மேற்கே மான்டிவிடியோ. (இது உருகுவே நாட்டின் தலைநகர் அல்ல, அதே பெயரில் உள்ள சின்ன ஊர்.) மறுபடி கிழக்கே செயின்ட் பால். பிறகு தெற்கே இறங்கி அயோவாவின் டேவன்போர்ட். அங்கிருந்து மேற்கே போர்ட் டாட்ஜ். மறுநாள் ஒரே ஓட்டமாக வடக்கே டுலூத். பிறகு தென்கிழக்கே கிரீன் பே. மீண்டும் மேற்கே திரும்பி அயோவாவில் கிளியர் லேக். அதற்கடுத்து வடமேற்கே மூர்ஹெட்.

புள்ளிகளைக் கோட்டால் சேர்த்துப் பாருங்கள். சின்னத் தம்பி கிறுக்கியது மாதிரி இருக்கிறது அல்லவா? போர்ட் டாட்ஜுக்கும் கிளியர் லேக்குக்கும் நேர்கோட்டில் அளந்தால் சுமார் 100 கிலோமீட்டர்தான். ஆனால் போர்ட் டாட்ஜில் ஜனவரி 30ஆம் தேதி பாடிவிட்டு, டுலூத், கிரீன் பே என்று ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றிவிட்டு, பிப்ரவரி 2ஆம் தேதிதான் கிளியர் லேக்குக்கு வருகிறார்கள்! எந்த ஊரில் எந்த அரங்கம் எந்தத் தேதியில் காலியாகக் கிடைத்ததோ, அப்படியே பதிவு செய்துவிட்டார்கள். வண்டியில் போகப்போகிறவர்களைப் பற்றி ஏற்பாடு செய்தவர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை. அகலமான அதிவேக நெடுஞ்சாலைகள் போடும் திட்டம் அமெரிக்காவில் 1956இல்தான் தொடங்கியிருந்தது. ஆகவே பெரும்பாலும் இருவழிச் சாலைகளில்தான் பயணம், அதுவும் இரவில். தூங்குவதும் பேருந்திலேதான்.

பேருந்தாவது நல்லதாக இருந்ததா? அதுவும் இல்லை. பழைய வண்டி. ஹீட்டர் சரியாக வேலை செய்யவில்லை. ஒன்று பழுதானால் இன்னொன்று, அதுவும் பழுதானால் வேறொன்று என்று பதினோரு நாள்களில் ஐந்து பேருந்துகள் மாறின. உதவிக்கு ஆள்களும் கிடையாது. நட்சத்திரங்களே தங்கள் வாத்தியங்களையும் ஒலிபெருக்கிகளையும் தூக்கி ஏற்றி, தூக்கி இறக்கினார்கள். பட்டி ஹோலியும் டியானும் ஒரே போர்வைக்குள் சுருண்டுகொண்டு, கதை பேசியபடியே குளிரை ஓட்டினார்களாம்.

மேடை ஏறிவிட்டால் மட்டும் எல்லாம் மறந்துவிடும். உறையும் குளிரிலும் ஊர் ஊராகப் பிள்ளைகள் திரண்டு வந்தார்கள். ஜனவரி 31ஆம் தேதி டுலூத்தில் நடந்த நிகழ்ச்சியில், மேடைக்கு மிக அருகில் 17 வயதுப் பையன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கொஞ்ச தூரத்தில் உள்ள ஹிப்பிங் என்ற ஊரில் வளர்ந்தவன். பட்டி ஹோலி தன்னை ஒரு கணம் நேருக்கு நேர் பார்த்ததாகவும், அப்போது உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டதாகவும் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னான். எங்கே சொன்னான் தெரியுமா? நோபல் பரிசு பெற்றவர் ஆற்ற வேண்டிய உரையில்! அந்தப் பையன்தான் 2016ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற பாப் டிலன்.

நடுக்காட்டில் நின்ற வண்டி

டுலூத் நிகழ்ச்சி முடிந்ததும், அன்றிரவே பேருந்து கிளம்பியது. மறுநாள் விஸ்கான்சினில் ஆப்பிள்டன் என்ற ஊரில் பகல் நிகழ்ச்சி. மாலையில் கிரீன் பே. இருட்டு. இரு பக்கமும் காடு. ஹர்லி என்ற ஊருக்கு அருகே, 51ஆம் எண் நெடுஞ்சாலையில் பேருந்தின் இன்ஜின் நின்றுவிட்டது.

அப்போது வெளியே குளிர் மைனஸ் 30 டிகிரி செல்சியசுக்கும் கீழே!

கடுங்குளிரில் வண்டிகளுக்கும் 'உடம்பு சரியில்லாமல்' போகும். இன்ஜினுக்குள் ஓடும் எண்ணெய் கூழ்போலக் கெட்டியாகிவிடும். பாகங்கள் எளிதில் நகராது. பேட்டரியில் நடக்கும் வேதிவினை மந்தமாகி, மின்சாரம் குறைந்துவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. பேருந்து ஹீட்டருக்குச் சூடு எங்கிருந்து வருகிறது? ஓடும் இன்ஜினிலிருந்துதான். இன்ஜின் நின்றால் ஹீட்டரும் அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் பேருந்தே ஒரு ஃபிரீசர் பெட்டிபோல ஆகிவிடும்.

என்ன செய்வது? கையில் கிடைத்த செய்தித்தாள்களைப் பேருந்தின் நடைபாதையில் போட்டுக் கொளுத்திக் குளிர்காய்ந்தார்கள். (இது ஆபத்தான வேலை. வேறு வழியில்லாமல் செய்தார்கள்.) எல்லாப் போர்வைகளையும் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு நெருக்கி உட்கார்ந்தார்கள். நெடுநேரம் கழித்துத்தான் உதவி வந்து அவர்களை ஊருக்குள் அழைத்துப் போனது.

அதற்குள் டிரம்ஸ் வாசிக்கும் கார்ல் பஞ்சுக்குக் கால்கள் மரத்துப்போய்விட்டன. 19 வயது இளைஞர். குளிர் மிக அதிகமானால் நம் உடம்பு புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்யும். இதயம், நுரையீரல், மூளை போன்ற முக்கிய உறுப்புகளைச் சூடாக வைத்திருப்பதற்காக, கை கால் விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ரத்தம் குறைவாகப் போவதால் விரல்கள் மேலும் குளிர்ந்து, கடைசியில் சதையில் உள்ள நீரே உறைய ஆரம்பித்துவிடும். இதைப் பனிக்கடி என்பார்கள். முதலில் குத்தும், பிறகு உணர்வே இருக்காது. வலி போய்விட்டதே என்று சந்தோஷப்படக் கூடாது. அதுதான் ஆபத்தான கட்டம். கார்ல் பஞ்சைப் பக்கத்து ஊரான அயர்ன்வுட் மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

ஆப்பிள்டன் நிகழ்ச்சி ரத்தானது. ஆனால் கிரீன் பே? ரயில் பிடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்! அன்று மாலை சொன்னபடி பாடினார்கள். டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லையே? ஒருவர் பாடும்போது இன்னொருவர் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்துகொண்டார். பாடகர் ரிச்சி வேலன்ஸ் திடீரென்று டிரம்ஸ்காரர் ஆனார். மறுநாள் பட்டி ஹோலியே குச்சிகளைக் கையில் எடுத்தார். 'இன்று இயலாது' என்று ஒரு அட்டை எழுதிக் கதவில் மாட்டியிருந்தால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒரு நாணயம் சுண்டப்பட்டது

பிப்ரவரி 2, திங்கள்கிழமை. வேறொரு பேருந்தில் 500 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, மாலையில் கிளியர் லேக் வந்து சேர்ந்தார்கள். 'சர்ஃப் பால்ரூம்' என்ற அரங்கில் நிகழ்ச்சி. மறுநாள் மூர்ஹெட்டில் பாட வேண்டும். அதற்கு இன்னும் சுமார் 580 கிலோமீட்டர் போக வேண்டும். பேருந்து ஹீட்டரோ மறுபடி படுத்துவிட்டது.

பட்டி ஹோலிக்குப் பொறுமை போய்விட்டது. அருகிலுள்ள மேசன் சிட்டியில் ஒரு குட்டி விமானத்தை வாடகைக்குப் பேசினார். முன்னாலேயே போய்ச் சேர்ந்தால் கொஞ்சம் தூங்கலாம், அழுக்குத் துணியைத் துவைக்கப் போடலாம். இவ்வளவுதான் ஆசை. விமானத்தில் விமானி போக மூன்று இருக்கைகள். ஆளுக்கு 36 டாலர்.

பட்டி ஹோலியுடன் டாமி ஆல்சப்பும் வேலன் ஜென்னிங்ஸும் போவதாக இருந்தது. ஆனால் பிக் பாப்பருக்கு ஃப்ளூ காய்ச்சல். அந்தப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, பேருந்தின் குறுகிய இருக்கையில் அவர் படும் பாட்டைப் பார்த்து, 21 வயது வேலன் ஜென்னிங்ஸ் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். இதைக் கேட்ட பட்டி ஹோலி, "உன் பேருந்து உறைந்துபோகட்டும்!" என்கிற மாதிரி வேடிக்கையாகச் சீண்டினார். "உங்கள் விமானம் விழட்டும்!" என்று இவரும் பதிலுக்குக் கேலி செய்தார். நண்பர்களுக்குள் எல்லாரும் பேசுவதுதானே? ஆனால் அந்த வார்த்தை வேலன் ஜென்னிங்ஸைப் பல ஆண்டுகள் வாட்டியது.

ரிச்சி வேலன்ஸுக்கும் ஜலதோஷம். இருக்கைக்காக டாமி ஆல்சப்பைக் கெஞ்சிக்கொண்டே இருந்தார். இத்தனைக்கும் அவருக்கு விமானம் என்றாலே பயம். 1957இல் இரண்டு விமானங்கள் வானில் மோதி, அவற்றில் ஒன்றின் பாகங்கள் அவர் படித்த பள்ளியின் மைதானத்தில் விழுந்தன, மாணவர்கள் இறந்தார்கள். தாத்தாவின் இறுதிச் சடங்குக்குப் போயிருந்ததால் ரிச்சி அன்று பள்ளியில் இல்லை. அப்படிப்பட்டவரே விமானத்தில் ஏறத் துணிகிறார் என்றால், அந்தப் பேருந்து எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! கடைசியில் நாணயம் சுண்டினார்கள். ரிச்சி 'தலை' கேட்டார். தலை விழுந்தது.

நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குச் சற்று முன்பு, விமானம் கிளம்பியது. லேசாகப் பனி பெய்துகொண்டிருந்தது. சில நிமிடங்களில், விமானத்தின் வால் விளக்கு மெல்ல மெல்லக் கீழே இறங்குவதைத் தரையிலிருந்த அதன் உரிமையாளர் பார்த்தார். வானொலியில் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. காலையில் அவரே இன்னொரு விமானத்தில் தேடிப் போனபோது, சில மைல் தொலைவில் ஒரு சோள வயலில் அது விழுந்து கிடந்தது. மூன்று பாடகர்களும், விமானி ரோஜர் பீட்டர்சனும் இறந்துவிட்டார்கள். விமானிக்கும் வயது 21தான்.

ஏன் விழுந்தது?

இயந்திரம் பழுதாகவில்லை, அமெரிக்க அரசின் விசாரணையில் அது உறுதியானது. பிறகு என்ன?

ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வீட்டுப் பெரியவர் யாரையாவது அருகில் வைத்துக்கொள்ளுங்கள். சுழல் நாற்காலியில் கண்ணை மூடி உட்காருங்கள். அவர் ஒரே வேகத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கட்டும். சற்று நேரத்தில், சுற்றுவது நின்றுவிட்டதுபோலத் தோன்றும். அவர் நிஜமாகவே நிறுத்தும்போது, எதிர்ப்பக்கம் சுற்றுவதுபோல இருக்கும்! நம் காதுக்குள் மூன்று வளைகுழாய்கள் உண்டு. அவற்றிலுள்ள திரவம் அசைவதை வைத்துத்தான் நாம் திரும்புகிறோமா இல்லையா என்று மூளை தெரிந்துகொள்கிறது. ஒரே வேகத்தில் சுற்றினால், திரவமும் கூடவே சுற்றி மூளையை ஏமாற்றிவிடும். கண்ணைத் திறந்திருந்தால் கண் வந்து உண்மையைச் சொல்லும்.

அந்த இரவில் கண்ணுக்கும் எதுவும் தெரியவில்லை. நிலா இல்லை, நட்சத்திரம் இல்லை, வயல்வெளியில் விளக்குகூட இல்லை. மேலும் கீழும் ஒரே கறுப்பு. இப்படிப்பட்ட நேரத்தில் கருவிகளை மட்டுமே நம்பி ஓட்ட வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சியும் தகுதிச் சான்றும் வேண்டும். அந்த இளம் விமானிக்கு அந்தச் சான்று கிடைத்திருக்கவில்லை. போதாததற்கு, விமானம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் கருவி, அவர் பழகிய கருவிக்கு நேர் எதிராகக் காட்டும் வகை. இறங்குவதை ஏறுவதாக அவர் நினைத்திருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. வானிலை மோசமாகப் போகிறது என்ற முக்கியமான எச்சரிக்கையும் அவரிடம் தெரிவிக்கப்படவில்லை என்று அதே அறிக்கை குறிப்பிட்டது. எல்லாப் பழியையும் அந்த ஒரு பையன் தலையில் போடுவது நியாயமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த விமானத்தின் பெயர் 'அமெரிக்கன் பை' என்று சிலர் எழுதுவதுண்டு. நம்பாதீர்கள்! அதற்குப் பெயரே கிடையாது. பதிவு எண் மட்டும்தான். இந்தச் சோகத்தை நினைத்து டான் மெக்லீன் என்பவர் 1971இல் பாடிய பாட்டின் பெயர்தான் அது.

மூர்ஹெட்டில்

பேருந்து மட்டும் பிப்ரவரி 3ஆம் தேதி மூர்ஹெட் போய்ச் சேர்ந்தது. இறங்கிய பிறகுதான் அதில் இருந்தவர்களுக்குச் செய்தி தெரிந்தது. நிகழ்ச்சியை ரத்து செய்யவில்லை. உள்ளூரில் பாடத் தெரிந்தவர்கள் யாராவது வர முடியுமா என்று கேட்டு அறிவிப்புச் செய்தார்கள். பக்கத்து ஊரான பார்கோவிலிருந்து 15 வயதுப் பையன் ஒருவன் தன் அண்ணனோடும் நண்பர்களோடும் ஓடி வந்தான். குழுவுக்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை. பெயர் கேட்டபோது, 'தி ஷேடோஸ்', அதாவது நிழல்கள் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டு மேடை ஏறினார்கள். அந்தப் பையன்தான் பின்னாளில் புகழ் பெற்ற பாடகர் பாபி வீ. சில மாதங்கள் கழித்து அவருடைய குழுவில் கொஞ்ச நாள் பியானோ வாசித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? டுலூத்தில் மேடைக்கு அருகில் நின்ற அதே பாப் டிலன்!

வேறு பாடகர்களைச் சேர்த்துக்கொண்டு பேருந்து தொடர்ந்து ஓடியது. பிப்ரவரி 15ஆம் தேதி, இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில்தான் பயணம் முடிந்தது. வேலன் ஜென்னிங்ஸ் பிற்காலத்தில் அமெரிக்க நாட்டுப்புற இசையின் பெரிய நட்சத்திரமானார். நாணயத்தில் தோற்ற டாமி ஆல்சப் 2017 வரை வாழ்ந்தார். சர்ஃப் பால்ரூம் இன்றும் இருக்கிறது. 2021இல் அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி தொடக்கத்தில் அங்கே இசை விழா நடக்கிறது. சோள வயலில் மூன்று பாடகர்களுக்காக 1988இல் எஃகினால் ஒரு கிடாரும் மூன்று இசைத்தட்டுகளும் செய்து வைத்தார்கள். விமானிக்கு 2009இல் நினைவுச் சின்னம் வைத்தார்கள்.

சரி, அந்த மூக்குக் கண்ணாடி? விபத்தன்று எவ்வளவு தேடியும் அது கிடைக்கவில்லை, பனியில் புதைந்துவிட்டது. வசந்தம் வந்து பனி உருகியபோது வயலில் கிடைத்தது. அதை ஓர் உறையில் போட்டு ஒட்டி, மேசன் சிட்டியில் இருந்த அரசு அலுவலகத்தில் பத்திரப்படுத்தினார்கள். பிறகு எல்லாரும் மறந்தே போனார்கள். 1980இல் பழைய கோப்புகளைச் சுத்தம் செய்தபோது உறை அகப்பட்டது. பட்டி ஹோலியின் மனைவியிடம் அதைக் கொடுத்தார்கள். இப்போது அந்தக் கண்ணாடி, அவர் பிறந்த லபக் ஊரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயலுக்குப் போகும் வழியில், சாலையோரத்தில் அதே வடிவத்தில் ஆள் உயரத்துக்கும் மேலாக ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடிச் சட்டம் நிற்கிறது. குளிர்காலத்தில் அதன் மேலும் பனி படிந்திருக்கும்.